மலைக்கும் கண்ணுக்கும் நடுவே

துறையூர் சாலையில் மண்ணச்சநல்லூரைத் தாண்டி, நெல்வயல்கள் விரியத் தொடங்கும் இடத்தில் நின்று வடக்கே பார்த்தால் பச்சைமலை நீலமாகத் தெரியும். அதில் பச்சை ஒரு துளிகூட இருக்காது. உப்பிலியபுரம் கடந்து மலையடிவாரத்துச் சோபனபுரத்துக்கு வந்து சேரும்போது அந்த நீலத்தைக் காணோம். மரமும் புதரும் கொடியுமாக முழுப் பச்சை எழுந்து நிற்கிறது. மலை மாறவில்லை. நமக்கும் அதற்கும் நடுவே இருந்த 30, 40 கிலோமீட்டர் காற்று குறைந்துவிட்டது, அவ்வளவுதான். இத்தனை நேரமும் மலையின் நிறம் என்று நாம் பார்த்து வந்தது அந்தக் காற்றைத்தான்.

குளிர்நாடுகளில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் கேமராவோடு மலை ஏறுகிறவர்கள் இலைகளைத் தேடிப் போகிறார்கள். பகல் குறுகக் குறுக மேப்பிள் மரம் தன் இலையில் உள்ள பச்சையத்தைச் சிதைத்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகிறது, புதிதாகச் சிவப்பும் ஊறுகிறது. நம் கிழக்குத் தொடர்ச்சி மலையில் இந்தப் பருவம் வேறு மாதிரி. ஆவணியிலும் புரட்டாசியிலும் சாயங்கால இடிமழை விழ விழ, கோடையில் காய்ந்து செம்மண் தெரிந்த சரிவெல்லாம் துளிர்க்கிறது. ஆனாலும் என்னைப் பச்சைமலைக்கு இழுப்பது அந்தத் துளிர்கூட இல்லை. மழை கழுவிவிட்ட காற்று. பங்குனி, சித்திரையில் திருச்சி வானம் வெளிறிச் சாம்பல் பூத்துக் கிடக்கும். மலைக்கோட்டை உச்சியில் ஏறி நின்றாலும் வடக்கே மலை இருப்பதற்கான அடையாளமே தெரியாது. தூசியும் புகையும் மறைத்துவிடும். புரட்டாசி மழைத்துளி விழும்போது அவற்றையெல்லாம் கூட்டிக்கொண்டு தரைக்கு வருகிறது. மறுநாள் காலையில் மிஞ்சுவது வெறும் காற்று. வெறும் காற்றுக்கு நிறம் உண்டு என்பது அன்றைக்குத்தான் கண்ணுக்குத் தெரியும்.

அதனால் புரட்டாசியில் மழை பெய்து ஓய்ந்த ஒரு சனி, ஞாயிறை மலைக்கென்று ஒதுக்கிவிடுவேன். சனிக்கிழமை என்பதால் துறையூர் பெருமாள்மலையில் கூட்டம் படியெல்லாம் நிரம்பி வழியும். கீழே சாலை வரைக்கும் கோவிந்தா முழக்கம் கேட்கும். ஸ்ரீரங்கத்திலிருந்து புறப்பட்டவனுக்கு அதுவே வழித்துணை. சோபனபுரத்திலிருந்து வளைந்து ஏறும் மலைச்சாலை டாப் செங்காட்டுப்பட்டியில் கொண்டுபோய்விடும். வண்ணாடு, தென்புறநாடு, கோம்பை என்று இந்த மலையைப் பிரித்துச் சொல்கிறவர்கள் இங்கே தலைமுறை தலைமுறையாக வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள். சரிவுகளில் மரவள்ளி, வீட்டைச் சுற்றிப் பலாவும் முந்திரியும். மழைக்குப் பிந்தைய வாரங்களில் மங்களம் அருவியிலும் கோரையாற்றிலும் தண்ணீர் இருக்கும். அருவிகளை நான் நின்று வணங்கிவிட்டுக் கடந்துவிடுவேன். எனக்கு வேண்டியது மேற்கு விளிம்பு.

அந்த விளிம்பில் நின்றால் கீழே பள்ளத்தாக்கு, அதற்கு அப்பால் கொல்லிமலை. நடுவில் சின்னச் சின்னக் குன்றுகளும் முகடுகளும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. முதல் முகட்டில் ஒவ்வொரு மரத்தையும் தனியே காணலாம், கரும்பச்சை. அடுத்ததில் பச்சையோடு நீலம் கலந்திருக்கிறது. அதற்கடுத்தது முழு நீலம். கடைசியில் கொல்லிமலையின் நெடுஞ்சுவர் வானத்தின் நிறத்துக்கு மிக அருகில் வந்து, கோடு மட்டும் தெரிகிறது. டெலி லென்ஸ் வைத்து இந்த அடுக்குகளைப் பிடிப்பதுதான் இங்கே நிலக்காட்சிப் படக்காரர் எல்லோருக்கும் பிரியமான வேலை. தூரத்தை நிறமாக எழுதிக் காட்டுகிறான் படைத்தவன். வாசிக்கத் தெரியாத குழந்தைக்கும் அது புரிந்துவிடுகிறது. எது பக்கம், எது தொலைவு என்று எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இந்த நீலத்துக்குக் காரணத்தை 1871-இல் கணக்காகச் சொன்னவர் இங்கிலாந்தின் ராலே பிரபு. காற்றின் மூலக்கூறுகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிக மிகச் சிறியவை. அவற்றின்மேல் படும் ஒளி எல்லாப் பக்கமும் சிதறுகிறது. அலைநீளம் குறையக் குறைய நான்காம் அடுக்கில் சிதறல் கூடுகிறது. சிவப்பைவிட நீலம் ஏறக்குறைய 5 மடங்கு அதிகமாகச் சிதறுவது இதனால்தான். தலைக்குமேல் வானம் நீலமாக இருப்பதும், கொல்லிமலை நீலமாக இருப்பதும் ஒரே செயல். மலை இருண்ட திரையாகப் பின்னால் நிற்க, நமக்கும் அதற்கும் இடையிலுள்ள காற்றில் சிதறிய நீல ஒளி முன்னால் வந்து கண்ணில் விழுகிறது. சொல்லப்போனால், அங்கே தெரிவது படுத்துக்கிடக்கும் வானம்.

வானத்தின் நீலத்தைச் சொன்ன ராலே, கடலின் நீலம் வெறும் பிரதிபலிப்பு என்று கருதினார். வானம் நீலம், அதனால் கடலும் நீலம். அதை ஏற்காமல் கேள்வி கேட்டவர் நம் ஊர்க்காரர். ஸ்ரீரங்கம் தீவிலேயே, அகிலாண்டேஸ்வரி குடிகொண்ட திருவானைக்காவலில், தாய்வழித் தாத்தா வீட்டில் 1888 நவம்பர் 7 அன்று பிறந்த சி.வி. ராமன். 1921-இல் இங்கிலாந்து போய்விட்டுக் கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரை நிறுத்தியது. கையில் ஒரு நிக்கோல் பட்டகம் வைத்திருந்தார். தண்ணீரின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி ஒரு குறிப்பிட்ட கோணத்தில் ஒரே தளத்தில் அதிரும். பட்டகத்தைத் திருப்பினால் அதை வடிகட்டிவிடலாம். வடிகட்டிப் பார்த்தார். வானத்தின் பிரதிபலிப்பு போய்விட்டது, நீலம் போகவில்லை. முன்னைக் காட்டிலும் ஆழமாக ஒளிர்ந்தது. தண்ணீரும் தன் மூலக்கூறுகளால் ஒளியைச் சிதறடிக்கிறது என்று எழுதி, நார்குண்டா என்ற அந்தக் கப்பல் பம்பாய்த் துறைமுகத்தில் நின்ற செப்டம்பர் 26 அன்று தேதியிட்டு 'நேச்சர்' இதழுக்கு அனுப்பினார். அதுவும் ஒரு புரட்டாசி. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே போனதில்தான் 1928 பிப்ரவரி 28-இல் ராமன் விளைவு கிடைத்தது. 1930-இல் நோபல் பரிசு.

என் லென்ஸ் முனையில் மாட்டியிருக்கும் போலரைசரும் அதே வேலையைத்தான் செய்கிறது. மழையில் நனைந்த மரவள்ளி இலைகளின்மேல் வெள்ளையாகக் கூசும் பளபளப்பைத் திருகிக் கழித்தால், அடியிலிருக்கும் பச்சை வெளியே வருகிறது. சூரியனுக்கு 90 பாகை தள்ளி இருக்கும் வானப்பகுதியில் அதைத் திருகினால் நீலம் இருண்டு, மேகம் தனியே எடுப்பாக நிற்கிறது. சிதறிய ஒளிக்கு ஒரு திசையொழுங்கு உண்டு. மனிதக் கண்ணுக்கு அது தெரிவதில்லை. தேனீக்குத் தெரியும். சூரியன் மேகத்துக்குள் மறைந்திருந்தாலும் கொஞ்சம் நீல வானம் கிடைத்தால் போதும், தேனீ அந்த ஒழுங்கை வைத்துத் திசை அறிந்து கூட்டுக்குத் திரும்பிவிடுகிறது. கார்ல் ஃபான் ஃபிரிஷ் இதைக் கண்டு சொல்லும்வரை மனிதனுக்குத் தெரியாது. பச்சைமலையில் முந்திரிக் கிளையில் தொங்கும் ஒவ்வொரு தேன்கூட்டிலும் அந்த அறிவு முன்பே இருந்தது.

காற்று இல்லாத மலையைப் பார்த்துவிட்டு வந்தவர்களும் இருக்கிறார்கள். 1971 பிப்ரவரியில் அப்போலோ 14-இல் நிலவில் இறங்கிய ஆலன் ஷெப்பர்டும் எட்கர் மிட்செல்லும் கோன் என்ற பெரும்பள்ளத்தின் விளிம்பைத் தேடி மேடேறினார்கள். அங்கே வானம் கறுப்பு. பக்கத்துக் கல்லும் தொலைதூர மேடும் ஒரே கூர்மையில் தெரிந்தன. எது அருகில், எது தொலைவில் என்று பிரித்தறிய முடியவில்லை. நேரம் முடிந்து திரும்பிவிட்டார்கள். விளிம்புக்குச் சில பத்து மீட்டர் தூரத்தில்தான் நின்றிருந்தார்கள் என்று பின்னால் படங்களிலிருந்து கணித்தார்கள். இதைப் படித்த நாளிலிருந்து பச்சைமலை விளிம்பில் நிற்கும்போதெல்லாம் காற்றுக்கு மனத்துக்குள் ஒரு கும்பிடு போடுகிறேன். மூச்சுக்குக் கொடுத்ததையே கண்ணுக்கு வழிகாட்டியாகவும் கொடுத்திருக்கிறான் படைத்தவன்.

திருச்சியைப் படமெடுத்த முன்னோடிகளில் ஒருவரான லின்னியஸ் ட்ரைப்புக்கு இந்த நீலம் கிடைக்கவில்லை. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1856-இல் நியமிக்கப்பட்ட அந்த ராணுவக் கேப்டன், மலைக்கோட்டையையும் ஸ்ரீரங்கத்தையும் எடுத்த படங்கள் 1858-இல் தொகுப்புகளாக வந்தன. பாறையின் ஒவ்வொரு வெடிப்பும் தெரியும் அளவுக்குத் துல்லியம். ஆனால் அந்தக் காலத்து நெகட்டிவ்களுக்கு நீல ஒளி என்றால் அளவுமீறிய கூர்மை. அதனால் வானம் முழுக்க வெளிறி வெற்றிடமாகிவிடும். தூரத்து மலையும் அந்த வெண்மையில் கரைந்துவிடும். பர்மாவில் தான் எடுத்த படங்களில் ட்ரைப் நெகட்டிவின்மேலேயே மேகங்களைக் கையால் தீட்டிச் சேர்த்திருக்கிறார். வானத்தில் கண்டதை எப்படியாவது படத்தில் வைத்துவிட வேண்டும் என்ற அந்த ஏக்கம் எனக்கு நன்றாகப் புரிகிறது. இன்றைய சென்சார் அதில் பெரும்பகுதியைச் சிரமமில்லாமல் வாங்கிக்கொள்கிறது. வாங்கிக்கொள்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். படம் 'எடுக்கிறோம்' என்ற நினைப்பு மலைமேல் எனக்கு வருவதில்லை. வந்து விழுவதை ஏந்துகிறோம்.

இந்த முறை சனிக்கிழமை சாயங்காலம் கொல்லிமலைமேல் மேகம் திரண்டு இடித்தது. நாலைந்து மின்னல், பலமான மழை, பிறகு தவளைச் சத்தம். படத்துக்கு அன்று வேலை இல்லை. தூக்கத்துக்கு நல்ல இரவு.

விடியலுக்கு வெகுமுன்னே, 5 மணிவாக்கில் வெளியே வந்தால் தெற்கு வானத்தில், அடிவானத்துக்குக் கொஞ்சம் உயரே, தனியே ஒரு வெண்ணிற நட்சத்திரம். அகத்திய நட்சத்திரம் என்று நம் முன்னோர் சொன்னது. வானியலார் கனோபஸ் என்கிறார்கள். இரவு வானில் சிரியசுக்கு அடுத்த பிரகாசம் அதற்குத்தான். லண்டன்காரர்களுக்கு அது எழுவதே இல்லை. நம் 11 பாகை வடக்கிலிருந்து பார்க்க நன்றாக மேலேறி நிற்கிறது. காவிரியைக் கமண்டலத்தில் கொண்டுவந்த முனிவரின் பேரைத் தாங்கிய நட்சத்திரம் காவிரிக் கரைத் திசையிலேயே நிற்பது என்னைப் போன்ற ஸ்ரீரங்கத்து ஆளுக்குப் பெரிய நிறைவு. அது சுமார் 310 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. இன்று காலை என் கேமராவுக்குள் நுழைந்த ஒளி அங்கிருந்து கிளம்பியபோது திருச்சியில் விஜயரங்க சொக்கநாத நாயக்கர் ஆட்சி. குடும்பத்தோடு கைகூப்பி நிற்கும் அவர் சிலையை ஸ்ரீரங்கம் கோயிலில் இன்றும் பார்க்கலாம். அவர் கைகூப்பிய காலத்தில் புறப்பட்ட ஒளி, வழியில் எதிலும் முட்டாமல், எங்கும் நிற்காமல், கடைசியில் இந்த மலையின் ஈரக்காற்றைக் கடந்து ஒரு லென்ஸில் வந்து முடிகிறது.

பிறகு கிழக்கு வெளுக்கத் தொடங்குகிறது. இந்த நேரத்துக்காகத்தான் ஒரு வருஷம் காத்திருப்பது. உச்சி வானத்தில் பகலில் காணாத ஓர் ஆழ்ந்த நீலம் பரவுகிறது. நீண்ட காலம் இதுவும் ராலே சொன்ன சிதறல்தான் என்று நினைத்தார்கள். 1953-இல் அமெரிக்க இயற்பியலாளர் ஹல்பர்ட் கணக்குப் போட்டுப் பார்த்தார். சூரியன் அடிவானத்துக்குக் கீழே இருக்கும்போது அதன் ஒளி மிக நீண்ட வழியாகக் காற்றைச் சறுக்கிக் கடந்து மேலே வருகிறது. வழியிலேயே நீலத்தில் பெரும்பகுதி சிதறித் தீர்ந்துவிடும். சிதறல் மட்டும் என்றால் அந்நேரத்து உச்சி வானம் வெளிர்மஞ்சளாக இருந்திருக்க வேண்டும். நீலமாக வைத்திருப்பது ஓசோன். ஆரஞ்சையும் மஞ்சளையும் உறிஞ்சிக்கொண்டு நீலத்தை மட்டும் கடக்கவிடுகிறது. வானம் முழுவதிலும் உள்ள ஓசோனைச் சேர்த்துத் தரைமட்ட அழுத்தத்துக்குக் கொண்டுவந்தால் அதன் கனம் சுமார் 3 மில்லிமீட்டர்தான். பயிரையும் உயிரையும் புறஊதாக் கதிர்கள் சுடாமல் காப்பது அந்த 3 மில்லிமீட்டர். விடியலுக்கு நீலப்பட்டு உடுத்துவதும் அதுவே. காவலையும் அழகையும் இரண்டு வேலையாகப் பிரிக்கத் தோன்றவில்லை படைத்தவனுக்கு.

நம் கண்ணும் அந்த நேரத்துக்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொள்கிறது. வெளிச்சம் குறைவாக இருக்கும்போது சிவப்பு மங்கி நீலம் ஓங்கித் தெரியும். செக் நாட்டு அறிஞர் புர்கின்யே 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கவனித்த விஷயம். விழித்திரையில் ஏறக்குறைய 10 கோடி குச்சிச் செல்கள் இருட்டுக்கென்றே வைக்கப்பட்டிருக்கின்றன. ஒளியின் மிகச்சிறிய பொட்டலமான ஒற்றை ஃபோட்டான் வந்தாலும் ஒரு செல் விழித்துக்கொள்ளும். எந்தக் கம்பெனி கேமராவையும் தோளில் மாட்டிக்கொண்டு அங்கே போகலாம். அந்த ஐந்தரை மணி இருளில் என் கண் காண்பதை முழுதாகக் காட்டிய படம் ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை.

இங்கே விடியல் காத்திருக்காது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் சூரியன் கிட்டத்தட்ட நேர்செங்குத்தாக எழும்புகிறது. செப்டம்பர் 23-ஐ ஒட்டிய நாள்களில் சூரியன் அடிவானத்துக்கு 6 பாகை கீழே இருப்பதிலிருந்து உதயம் வரை இங்கே ஏறக்குறைய 21 நிமிடம். லண்டனில் 33 நிமிடம். உதிக்கும் சூரியனின் ஒளி, உச்சியில் இருக்கும்போது கடப்பதைப்போல 38 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. நீலத்தை வழியெல்லாம் வழங்கிவிட்டுச் சிவப்போடு நம்மிடம் வந்து சேர்கிறது. அந்தச் சிவப்பு கொல்லிமலையின் உச்சியில் முதலில் பட்டு மெல்ல மெல்லக் கீழே இறங்குவதை மேற்கு விளிம்பிலிருந்து பார்க்க வேண்டும். கிழக்கே முகம் திருப்பி நிற்கிறவர்கள் இதைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

கீழே துறையூர்ப் பக்கத்துப் பள்ளத்தாக்கு முழுக்க மேகம் தேங்கியிருந்தது. மாட்டை ஓட்டிக்கொண்டு வந்த ஊர்ப்பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்றார்.

"என்ன தம்பி, மேகத்தையா புடிக்கிற?"

"ஆமாங்கய்யா. எவ்வளவு நேரம் இருக்கும்?"

"வெயில் ஏறட்டும், தானா மேல வந்துரும். ஒம்பது மணிக்கு நீ இங்க நின்னா ஒன்னையே மூடிரும். அப்ப எதப் புடிப்ப?"

அவர் சொன்னது அப்படியே நடந்தது. இரவில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவுகளில் வழிந்து பள்ளத்தில் தங்குகிறது. மழை ஈரம் அதில் துளியாகத் திரள்கிறது. ஒரு துளியின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்று, இரண்டு பங்குதான். இப்படி ஏறக்குறைய 10 லட்சம் துளி சேர்ந்தால் ஒரு மழைத்துளி. காலை வெயில் சரிவுகளைச் சூடாக்கியதும் காற்று மேல்நோக்கிக் கிளம்புகிறது. பால் பொங்கி விளிம்புக்கு வருவதைப் போல மேகம் முகடுகளுக்கு நடுவே ஏறி வந்தது. வானத்தில் நாம் பஞ்சென்று நினைக்கும் ஒரு கிலோமீட்டர் கனசதுர மேகத்தில் 500 டன் தண்ணீர் இருக்கிறது. அத்தனை எடையும் என் முகத்தில் பட்டுக் கடந்தபோது சட்டைக்காலர்கூட நனையவில்லை. பெரியவர் மாடுகளோடு அந்த வெண்மைக்குள் நடந்துபோனார். மணிச்சத்தத்தை வைத்துத்தான் எந்தப் பக்கம் போகிறார் என்று தெரிந்தது.

மேகம் கலைந்த பிறகு கிழக்கு விளிம்புக்குப் போனேன். அங்கே படத்துக்குப் பெரிதாக ஒன்றுமில்லை என்பார்கள். பெரம்பலூர்ச் சமவெளி, மக்காச்சோளக் காடு, பருத்திக் காடு. ஆனால் நிற்கும் பாறையையும் பார்க்கும் சமவெளியையும் சேர்த்து நினைத்தால் தலை சுற்றும். காலடியில் இருப்பது சார்னோக்கைட் வகைப் பாறை. ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகளுக்குமுன் பூமியின் ஆழத்தில் வெந்து உருவானது. மேலிருந்ததெல்லாம் மழையிலும் வெயிலிலும் தேய்ந்து போனபின் வெளியே வந்திருக்கிறது. எதிரே தெரியும் சமவெளியில் சுமார் 10 கோடி ஆண்டுகளுக்குமுன் கடல் இருந்தது. காரை ஊர்ப்பக்கத்துச் செம்மண் பள்ளங்களில் அம்மோனைட் என்ற சுருள் ஓட்டுக் கடலுயிர்களின் எச்சம் கிடைக்கிறது. சாத்தனூரில் 18 மீட்டர் நீள மரம் ஒன்று கல்லாகிக் கிடக்கிறது. 12 கோடி ஆண்டுப் பழமை என்று கணித்திருக்கிறார்கள். 1940-இல் அதை உலகுக்குக் காட்டியவர் இந்திய நிலவியல் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன். அந்தக் காலத்துப் பாறை வரிசை ஒன்றுக்கு நிலவியல் நூல்களில் திருச்சினாப்பள்ளி என்றே பெயர். பச்சைமலை அன்று கடலைப் பார்த்த மேடு. அதன்மேல் நின்ற எவருக்கும் — அன்று எவரும் இல்லை — கிழக்கே நீலம்தான் தெரிந்திருக்கும். ராமன் கேட்ட கேள்விக்கான கடல் அவர் பிறந்த ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு காலத்தில் அலையடித்திருக்கிறது.

மலைக்குப் போக முடியாதவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். சாயங்காலம் நல்ல மழை பெய்து, இரவில் வானம் திறந்த மறுநாள் காலையில், மலைக்கோட்டைமேல் 83 மீட்டர் உயரத்தில் உச்சிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வடக்குப் பக்கம் வாருங்கள். காவிரி, அதற்கு அப்பால் ஸ்ரீரங்கத்துக் கோபுரங்கள், தென்னந்தோப்பு, கொள்ளிடம். எல்லாவற்றுக்கும் பின்னால், நேர்வடக்கில் பச்சைமலையும் வடமேற்கில் கொல்லிமலையும் 50 கிலோமீட்டர் காற்றின் நீலத்தில் நிற்கும். வெயில் ஏறினால் தூசி கிளம்பி வெளிறிவிடும், சீக்கிரம் போக வேண்டும். ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் பல நாள்களுக்கு வானமே மூடியிருக்கும். அதனால் புரட்டாசிக்குள் பார்த்துவிடுங்கள்.